வீரனார் கோயில் எலும்பும் உன் அப்பாவின் பத்துக் கோடி வருடமும்

நெடுங்காடு
ஆடி 3

அன்பு மகள் சிவப்ரியாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அப்பா, இரண்டு பசுக்கள், ஒரு எலும்பு ஆகிய எல்லோரும் சுகம், நீயும் அந்த பிரான்சில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், வாட்ஸப்பில் எழுதினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை முந்திப் படித்துவிடுகிறார். உன்னோடு படித்த நஜீபா லீவு முடிந்து திங்கட்கிழமை அங்கே திரும்புகிறாள், அவளிடம் இதைக் கொடுத்து விடுகிறேன், கூடவே வடகமும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கிறது, எண்ணெய் ஒழுகினால் அவளைக் குறை சொல்லாதே, மூடியை இறுக்காதது நான்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருக்கிறான், நம் வாய்க்கால் மட்டும் இன்னும் பேப்பர் படிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எலும்புக் கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியாது. நீ இங்கே இருந்தவரை அது இப்படி இருந்தது. ஏழு தலைமுறைக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் ஆனையை விழுங்கும் மீன் ஒன்று கடலிலிருந்து ஏறி ஆற்று வாயை அடைத்துப் படுத்துக்கொண்டது, வெள்ளம் வடியாமல் பயிர் அழுகியது, நம் குலதெய்வம் வீரனார் அரிவாளோடு போய் அதை வெட்டினார், நம் வீட்டு முன்னோர் மருதையன் அதன் விலா எலும்பைத் தலையில் சுமந்து வந்து கோயிலில் வைத்தார். அதனால்தான் ஆடிக் கடைசி ஞாயிறு படையலில் முதல் பரிவட்டம் நம் வீட்டுக்கு, கிடாத் தலையும் நம் வீட்டுக்கு. நீ பிரான்சுக்குப் போன பிறகு இந்தக் கதைக்குப் படிப்பு வந்துவிட்டது. பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் கடலில் பஸ் நீளத்துக்குப் பல்லிகள் இருந்தன என்று உன் அப்பா யூடியூபில் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு எந்தப் புராணமும் புராணமாக இல்லை. கோயில் தூணில் இருக்கும் மகரம் அந்தப் பல்லிதானாம். சூரன் கடல் நடுவில் மாமரமாக நின்றானே, அது மாமரமே இல்லையாம், கழுத்து நீண்ட ஒரு பிராணி தலையைத் தூக்கிப் பார்த்ததாம், கரையில் இருந்தவனுக்கு மரமாகத் தெரிந்ததாம். அப்படியானால் அது பிறகு எப்படி மயிலும் சேவலும் ஆனது என்று கேட்டேன். அதற்கு இன்னும் வீடியோ வரவில்லை என்றார்.

அந்தப் பல்லிகள் அழிந்து ஆறு கோடி வருடம் கழித்துத்தான் மனிதனே வந்தான் என்று நீ ஒருமுறை போனில் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். பார்க்க ஆளில்லாத மிருகத்தை எவன் கதையில் வைத்தான் என்று மடக்கினேன். அவர் அசரவில்லை. மிருகத்தப் பாத்திருக்க மாட்டான், மண்ணத் தோண்டுனப்ப எலும்பப் பாத்திருப்பான், எலும்பே இம்மாம் பெருசுன்னா உடம்பு எம்மாம் பெருசா இருந்திருக்கும்னு கண்ண மூடி நெனச்சிருப்பான், அதான் கதை என்றார். இந்த ஒன்றை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை, அந்த எரிச்சலில் அன்று அவருக்கு மோர் கொடுக்கவில்லை.

உன் சிவசுப்பிரமணியன் சித்தப்பா சும்மா இருப்பாரா. இருபது வருடமாக அது வெறும் கட்டை என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், பத்துக் கோடி வருடம் என்று கேட்டதும் அப்படியே திரும்பிவிட்டார். அவ்வளவு பழசுன்னா அது ஊருக்கே பொது, ஒரு வீட்டுக்கு மட்டும் எதுக்கு மரியாதை என்றார். கடைசியில் பங்காளிகள் எல்லோரும் கூடி முடிவு செய்தார்கள், பிரியா அங்கே தன் ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சொல்லட்டும், பழசு என்றால் பரிவட்டம் நமக்கே, இல்லை என்றால் சித்தப்பா வீட்டுக்கு, முடிவைப் படையல் அன்று மைக்கில் வாசிக்க வேண்டும். நீ பொங்கலுக்கு வந்துவிட்டுக் கிளம்பியபோது உன் அப்பா எலும்புத் துண்டை விபூதிப் பொட்டலம் போல மடித்துக் கையில் கொடுத்தாரே, அதை எப்படி எடுத்தார் என்று உனக்குத் தெரியாது. சாமி பார்க்கக் கூடாதே என்று தன் வேட்டியை அவிழ்த்து வீரனாருக்கு முன்னால் திரையாகக் கட்டிவிட்டு, இடுப்பில் துண்டோடு நின்று ஆக்ஸா பிளேடால் அறுத்தார். நான் வாசலில் காவல். முடித்ததும் வேட்டியைக் கட்டிக்கொண்டு, கோபிக்காதே என்று வீரனாருக்கு ஒரு சுருட்டு பற்ற வைத்துக் கொடுத்தார். முடிவு வருவதற்குள் காரைக்காலில் சஃபியுல்லா கடையில் பேனருக்கும் சொல்லியாகிவிட்டது. பல்லிக்கு என்னா கலர்க்கா குடுக்கறது என்று அந்தத் தம்பி எனக்குப் போன் செய்து கேட்டது. பச்சை என்றேன். வந்து பார்த்தால் பல்லியை விட சித்தப்பா படம் பெரிதாக இருக்கிறது.

அப்புறம்தான் போன வாரம் எனக்கு மட்டும் நீ அனுப்பிய செய்தி. பல்லி இல்லை, சாதாரணத் திமிங்கிலம், பத்துக் கோடியும் இல்லை, ஏழு தலைமுறையும் இல்லை, அணுகுண்டு வெடித்துப் பார்த்த காலத்துக்குப் பிறகு காற்றில் சேர்ந்த கார்பன் அந்த எலும்பில் இருக்கிறது, செத்து அறுபது வருடம்கூட ஆகவில்லை, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நீயே பார்த்துக்கொள்ளம்மா என்று எழுதியிருந்தாய். நல்ல பங்கீடு. ஆராய்ச்சி உனக்கு, அடி வாங்குவது எனக்கு. படித்தவுடன் செய்தியை அழித்துவிட்டேன். நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை பிரியா. அவரை நான் ஆயிரம் கேலி செய்வேன், ஆனால் எழுபத்து மூன்று வயதில் மைக்குக்கு முன்னால் நிற்க வைத்து ஊர் சிரித்தால் என்னால் தாங்க முடியாது.

புதன்கிழமை காலை மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார், அப்போது சொல்லிவிட்டேன். கையை எடுக்காமல் கலக்கிக்கொண்டே எத்தினி வருசம்னு சொன்னா என்று கேட்டார். அறுபதுக்குள் என்றேன். சரியாத்தான் சொல்லியிருக்கு புள்ள, அம்பத்தஞ்சு வருசம் ஆவுது, வண்டிய ஓட்டுனதே நான்தான் என்றார். எந்த வண்டி என்று கேட்டேன். அப்புறம் சொன்னார். அவருக்குப் பதினெட்டு வயதில் உன் தாத்தா படையலுக்கு முன்னால் எலும்பைச் சுற்றியிருந்த பட்டுத் துணியை மாற்ற அவிழ்த்திருக்கிறார், உள்ளே கரையான் அரித்த புன்னைக் கட்டை பொலபொலவென்று கொட்டியது. எலும்பைக் கரையான் தின்னாது என்று அப்போதுதான் தாத்தாவுக்கு உறைத்ததாம். காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் அந்தப் பங்குனியில் ஏதோ பெரிய எலும்புகள் ஒதுங்கிக் கிடந்தன, ஒரு விலா எலும்பைக் கேட்டு வாங்கி வைக்கோலுக்கு அடியில் போட்டு, பட்டப்பகலில் அப்பனும் பிள்ளையுமாக ஓட்டி வந்திருக்கிறார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று உன் அப்பாவைக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறார் தாத்தா. ஆக, நம் வீட்டு ஏழு தலைமுறைப் பெருமையில் உண்மையான எலும்பு என்று ஒன்று இருந்தால் அது உன் தாத்தா ஏமாற்றுவதற்காகக் கொண்டுவந்ததுதான்.

தெரிந்துகொண்டேவா பல்லி, பத்துக் கோடி என்று இத்தனை ஆட்டம் என்று கத்தினேன். கடல்ல கெடந்த எலும்புதானே, எப்பத்துதுன்னு எனக்கென்ன தெரியும், பழசா இருந்துட்டா எங்கப்பா செஞ்சது அம்மாம் பெரிய பொய்யில்லேன்னு ஆயிடும், இல்லேன்னா நான் வாயத் தொறக்காமயே உண்மை வெளிய வந்துடும், எது வந்தாலும் சரின்னுதான் அறுத்தேன் என்றார். வருஷா வருஷம் பரிவட்டம் கட்டுறப்ப தலை குனிஞ்சு நிப்பேனே, பயபக்தின்னு நெனச்சியா என்று கேட்டார். நாற்பது வருடம் பக்கத்தில் நின்று நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். படையல் அன்று உன் முடிவை அவரே வாசிக்கப் போகிறார், பரிவட்டம் சித்தப்பாவுக்குப் போகட்டும் என்கிறார்.

இது கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நீயே போன் செய்து சொல். இழுக்காதே, மெழுகாதே, கண்டுபிடித்ததைக் கண்டுபிடித்த மாதிரி சொல். அவர் திடுக்கிட்டது போல நடிப்பார், மோசமாகத்தான் நடிப்பார், நம்பிவிடு. ஏனென்றால் தவிட்டுக் கையோடு எழுந்து போனவர் திரும்பி வந்து என்னிடம் ஒன்று சொன்னார். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத மங்கை, எங்கப்பா ஊருக்கே மறைச்சத எம் பொண்ணு கண்டுபுடிச்சான்னு இருக்கட்டும் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் எந்தக் கற்பூரத்திலும் அடிக்கவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

வீரனார் உன் கூடவே இருப்பார், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் அம்மா,
உ. மங்கையர்க்கரசி