வாயாடி வாய் திறக்காத கேஸ்

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சலூன் கண்ணாடியும் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். மாமா கேஸ் விஷயத்தில் அப்பாவுக்குக் கோபமா என்று அம்மாவிடம் போனில் கேட்டாயாமே. என்னிடம் கேட்க என்ன பயம், நான் என்ன உன் ஜட்ஜம்மாவா?

இங்கே நடந்ததைக் கேள். மாமாவின் சைக்கிள் கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடச் சொந்தக்காரர் போட்ட கேஸ் உன் ஜட்ஜம்மாவிடம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும், மாமா பாதி சவரத்தில் முகமெல்லாம் நுரையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்ளே, கேஸ் கட்டைப் படிச்சு ஜட்ஜுக்குக் குறிப்பு எழுதித் தர்றது நம்ம பொண்ணுதானே, நமக்குச் சாதகமா ரெண்டு வரி எழுதச் சொல்லேன் என்றார். வக்கீலுக்குப் படித்துவிட்டுக் கிளார்க் வேலையா என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் உன்னைக் கேலி செய்தவரும் இவர்தான். நேத்து வரைக்கும் வெறும் கிளார்க்கு, இன்னிக்கு ஜட்ஜுக்கே கை பிடிச்சு எழுதச் சொல்லித் தர்றவளா மச்சான் என்று கேட்டு, மீதியை வழித்து அனுப்பினேன். மனுஷன் விடுவாரா, உனக்கே போன் போட்டார். நீயும் மறுநாளே போய், இது என் அத்தை வீட்டுக் கேஸ், மாமா பேசினார், இந்தக் கட்டை நான் தொடமாட்டேன் என்று ஜட்ஜம்மாவிடம் சொல்லிவிட்டாய். அதோடு அத்தை நம் வாசலை மிதிக்கவில்லை. மாமாவுக்கு என்னிடம் வர ரோஷம், வேறு சலூனுக்குப் போகவும் மனசில்லை, உரிக்காத தேங்காய் மாதிரி திரிந்தார். ஒரே அக்காவாயிற்றே, எனக்கும் வருத்தம்தான். ஆனால் உன்மேல் ஒரு முடியளவும் கோபமில்லை.

நேற்று மாமா தானாக வந்து உட்கார்ந்து கழுத்தை நீட்டினார். அவருடைய வக்கீல் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். அந்தப் பொண்ணு கை வெச்சு நீங்க ஜெயிச்சா, சொந்தக்காரி எழுதினதுன்னு சொல்லியே எதிராளி அதை உடைச்சிருப்பான், ஜெயிச்சா நிக்க வேண்டாமா என்று கேட்டாராம். மாமா இதைச் சொல்லும் நேரம் பார்த்து சலூன் பெஞ்சில் இருந்த ஒருவர், உங்க பொண்ணு என்ன வேலை பாக்குது என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் மாமா நுரைக்குள்ளிருந்து, லா கிளார்க்கு, ஜட்ஜுக்கும் முன்னாடியே கேஸைப் படிக்கிறவ, சும்மாவா என்றார். பாதி சோப்பை விழுங்கியிருப்பார். கத்தியை எடுத்து வைத்துவிட்டு, அவருக்கு இன்னொரு தடவை நுரை போட்டேன்.

எவ்வளவு எழுதிக் கொடுத்தாலும் தீர்ப்பில் உன் பெயர் எங்கேயும் வராது என்று ஒருமுறை சொன்னாய். கல்யாண போட்டோவில் முடிவெட்டியவன் பெயர் மட்டும் இருக்கிறதா என்ன? கோணலாக வெட்டியிருந்தால்தான் யாரென்று கேட்பார்கள்.

கேஸ் எப்படிப் போகுமோ, கடை தங்குமோ, அந்தக் கவலை இன்னும் இருக்கிறது. ஆனாலும் நேற்றுச் சாயங்காலம் அத்தை வந்தாள். உன் பொண்ணுக்குப் பொறந்ததிலேருந்து மூடாத வாய், என் கேஸுக்குத்தான் மூடணுமா என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நீண்ட ஆயுளோடு நிமிர்ந்து நட மகளே. மறக்காமல் அத்தைக்குப் போன் செய். கேஸைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல். தொடாதவளுக்கு நிஜமாகவே தெரியாதே.

இப்படிக்கு,
லா கிளார்க்கின் அப்பா