கேக் செய்பவளுக்குக் கோதுமை ஆகாதாம்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே என் முழங்காலும் அம்மாவின் குரலும் வழக்கம்போல் இருக்கின்றன, மற்றபடி நலம். அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். பேத்தியின் கன்னம் சிவந்து தடித்திருப்பதாகவும், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துப் பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டதாகவும் சொன்னாய். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

உன் தங்கை வேலையை விட்டது உனக்குத் தெரியும், ஏன் என்று முழுதாகத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இருக்கும் கரப்பான், அந்தத் தோல் அரிப்பு, இந்த வருஷம் இரண்டு கையிலும் வெடித்து, மாவு பிசைய முடியாமல் ரத்தம் கசிந்தது. தானே போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். கோதுமை, முட்டை, பால் எல்லாவற்றுக்கும் ஒவ்வாமை என்று வந்தது. கேக் கடையில் வேலை செய்பவளுக்கு அவை போனால் மிச்சம் சர்க்கரைதான். கடைக்காரம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, வெறும் சோறும் வேகவைத்த காயுமாகத் தின்ன ஆரம்பித்தாள். கை ஆறவில்லை, ஆள்தான் பாதியானாள். ஒரு நாள் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். தூக்கி வந்த கீழ்வீட்டுத் தையல்காரர், என் துணி மூட்டை இதைவிடக் கனம் என்றார். அன்று அம்மா யாரையும் திட்டவில்லை, எனக்குப் பயம் வந்துவிட்டது.

தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். முட்டை சாப்பிட்ட உடனே வாய் வீங்கியதா, மூச்சுத் திணறியதா, வாந்தி வந்ததா என்று கேட்டார். இல்லை, கைதான் அரிக்கும் என்றாள். சாப்பிடாத அன்றைக்கு? அன்றைக்கும் அரிக்கும் என்றாள். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “உன் ரத்தத்துக்கு முட்டையைத் தெரியும்மா, இந்தப் பேப்பர் அவ்வளவுதான் சொல்லுது. தெரிஞ்சவங்க எல்லாரோடயும் சண்டையா போடுறோம்?” கரப்பான் உள்ளவர்களின் உடம்பு கண்டதற்கெல்லாம் எதிர்ப்பொருள் செய்து வைத்துக்கொள்ளுமாம். உன் தாய்மாமன் ஊரில் எல்லார் மேலும் புகார் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒன்றையும் கொடுக்காமல் இருக்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

பிறகு, தொட்டால் ஆகாதது எது என்று பார்க்க, அவள் முதுகில் என்னென்னவோ தடவிய பட்டைகளை ஒட்டி, குளிக்காதே என்று அனுப்பினார்கள். இது உடனே காட்டாதாம், உடம்பு சில நாள் யோசித்துவிட்டுத்தான் சிவக்குமாம். சிவந்தது ரப்பருக்கு. கை வெடிக்கிறதே என்று அவள் மாட்டிய கையுறைதான் கையை இன்னும் கெடுத்திருக்கிறது. கை மோசமாக மோசமாக அதையே விடாமல் மாட்டியிருக்கிறாள், நாங்களும் நல்ல பிள்ளை என்றோம்.

சாப்பாட்டையும் சந்தேகமில்லாமல் பார்த்துவிடலாம் என்று, ஊசி மருந்தெல்லாம் தயாராக வைத்து, நர்ஸ் பக்கத்தில் உட்கார, ஒவ்வொன்றாகத் தின்னக் கொடுத்தார்கள். பாலும் முட்டையும் தனித்தனி நாளில் ஒன்றும் செய்யாமல் முடிந்து, கடைசியாக ரொட்டி. முதலில் ஒரு துணுக்கு. நான் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வாய், பிறகு முழுத் துண்டு. எங்கேயாவது ஏதாவது செய்கிறதா என்று நர்ஸ் கேட்டார். உன் தங்கை வெகுநேரம் மென்றாள். “உள்ள சரியா வேகல” என்றாள். நர்ஸ் பயந்து நாடியைப் பிடித்தார். ரொட்டியைச் சொல்கிறாள் என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. அன்றும் ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது ரப்பர் இல்லாத கையுறையோடு வேலைக்குப் போகிறாள். கரப்பான் போய்விடவில்லை, மருந்தும் களிம்புமாக அடங்கியிருக்கிறது. முகத்தில் சதை வைத்திருக்கிறது.

நீ பேத்தியை நல்ல டாக்டரிடம் காட்டு. சாப்பிட்ட உடனே ஏதாவது வந்திருந்தால் மறைக்காமல் சொல், அப்படி வந்திருந்தால் நிறுத்தியது சரிதான். வீட்டில் நீயாகக் கொடுத்தும் பார்க்காதே, நீயாக நிறுத்தியும் வைக்காதே, வளர்கிற பிள்ளை. அவள் சொறிந்துகொள்ளாமல் இருக்க நகத்தை ஒட்ட வெட்டு. எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள். விசா கிடைத்தால் பேத்தியின் பிறந்தநாளுக்கு அத்தை அங்கே வந்து கேக் செய்வாளாம். குழந்தை அதைத் தின்னலாமா என்று அதற்குள் டாக்டரிடம் கேட்டு வை.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா