நம் வீட்டுக்கு நான் போட்ட மதிப்பெண்

வேங்கிக்கால்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு, நசீமா ஸலாம் சொல்லி எழுதுவது.

முதலில் ஒன்று: நம் முபின் இப்போது நன்றாக இருக்கிறான். இன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை பிள்ளைக்கு உதடு, நகம் எல்லாம் நீலமாகிப் போயிற்று. அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பால் பவுடரை எந்தத் தண்ணியில கலக்குறீங்க?" நம் போர்வெல் தண்ணீரை இருபது நிமிஷம் கொதிக்கவைத்துத்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அதில் நைட்ரேட் ஜாஸ்தியாம், கழிவுநீர் கசிந்தால் சேர்கிற உப்பாம். கொதிக்கவைத்தால் கூடுமே தவிரக் குறையாதாம். பத்து வாரப் பிள்ளைக்கு என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன், மச்சான்.

இங்குள்ள நானூறு வீட்டுத் தண்ணீரையும் சோதிக்க முடியாது, எல்லாவற்றுக்கும் பதிலாக நிற்கிற பன்னிரண்டு வீடு போதும் என்று நீங்கள்தானே புரோகிராம் எழுதினீர்கள்? எந்தப் பன்னிரண்டு என்று எல்லா விதமாகவும் போட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டருக்கே ஆயுசு பத்தாது, ஏறக்குறையச் சரியாக வந்தால் சரி என்றீர்கள். ஒரு வீடு இன்னொரு வீடு மாதிரியா என்பதற்கு ஆம், இல்லை வேண்டாம், எவ்வளவு மாதிரி என்று பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே மதிப்பெண் போடச் சொன்னீர்கள். வீடு வீடாகப் போய் போர் ஆழம், கழிவுநீர்த் தொட்டி தூரம் எல்லாம் கேட்டேன்.

நம் வீட்டுக்கு மட்டும் கேட்கவில்லை. அப்போது எனக்கு எட்டாம் மாசம், கால் வீக்கம். நமக்குத் தெரியாததா என்று உட்கார்ந்த இடத்திலேயே அருணாதேவி அக்கா வீட்டோடு புள்ளி ஒன்பது என்று போட்டுவிட்டேன். ஒரே மேஸ்திரி கட்டிய வீடுகள்தானே. அக்கா வீட்டுத் தண்ணீர் சோதனையில் நன்றாக வந்தது, பட்டியலில் நம்முடையதும் நல்லதாகிவிட்டது. நம் போருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் எட்டடிதான். இன்று வந்ததும்தான் டேப் வைத்து அளந்தேன்.

என்னை அப்புறம் திட்டுங்கள். நம் தொட்டிக்கு மறுபக்கம், சுவரை ஒட்டிப் பின்வீட்டுப் பொன்னியின் போர். அவளுக்கு இது ஒன்பதாம் மாசம். இன்று ஓடிப்போய் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று கெஞ்சினேன். அவள் சிரிக்கிறாள். "உங்க பிள்ளைக்கு உடம்பு வாகு அப்படிக்கா. உங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டரே நல்ல தண்ணினு சொல்லிடுச்சே" என்கிறாள்.

அந்தப் பட்டியல் தப்பு என்று உங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள். உங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். பொன்னியின் நம்பரையும் இதோடு அனுப்புகிறேன். அல்லாஹ் உங்களுக்குத் துணையிருப்பான். எனக்குப் பேசுவதற்கு முன்னால் அவளுக்குப் பேசுங்கள்.

உங்கள்,
நசீமா