கால்விரல் மாட்டி

அயோவா, அக்டோபர் 9

அன்புள்ள கிர்ஸ்டன் அக்காவுக்கு,

ஆமாம், அம்மாவைப் பயணத்துக்கு அழைத்துப் போனேன். வேண்டாம், ஏங்கிப்போவாள் என்று நீ எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்குள் பேருந்தில் இரண்டு இருக்கை சொல்லிவைத்துவிட்டேன்.

அம்மாவின் வலது கை அப்படியேதான் இருக்கிறது. பக்கவாதம் வந்து எட்டு மாதம். இடது கையைப் பழக்குங்கள் என்கிறார் மருத்துவர். அவள் ஊசியைத் தொடவில்லை. தையல் அறைக் கதவைத் திறப்பதுகூட இல்லை. என் பயம் கையைப் பற்றியது அல்ல. இனி ஒருபோதும் தைக்கமாட்டாள் என்றால் அவள் யாராக இருப்பாள் என்பது.

குவில்ட் போர்வை தைப்பவர்கள் சங்கத்தின் வருடாந்தரப் பயணம். முப்பது பெண்கள், ஓர் ஓட்டுநர். துணி வாங்காமல் திரும்பியவர்கள் அவரும் அம்மாவும்தான்.

முதல் கடை ஒரு பழைய தீவனக் கிடங்கு. துணிச் சுருள்கள் கூரைவரை. எல்லோரும் விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். அம்மா கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த இடத்தில் கட்டில் நீளத்துக்கு ஒரு தையல் இயந்திரம். இயந்திரத் தையலைக் கண்டால் ஏசுவாளே. அன்று ஒரு வார்த்தை இல்லை.

மதியம் கண்காட்சி. சுவரெல்லாம் போர்வைகள். தொடக் கூடாது. வெள்ளைக் கையுறை போட்ட பெண்ணைக் கேட்டால் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவாள். கூடத்தின் நடுவில் மட்டும், மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய, தைத்து முடியாத போர்வை ஒன்று. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து நாலு தையல் போடலாம்.

நம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் திங்கட்கிழமைதோறும் போடுகிற அதே மாதிரிச் சட்டம். பெரிய தையலுக்கு அங்கே 'கால்விரல் மாட்டி' என்று பெயர் உண்டே, படுத்தவரின் கால் நகம் அதில் மாட்டிக்கொள்ளும் என்று. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் வெர்லா போடுவதெல்லாம் அதுதான். அவள் வீட்டுக்குப் போனதும் அம்மா சத்தமில்லாமல் அவற்றைப் பிரித்துத் தானே போடுவாள். அங்குலத்துக்குப் பன்னிரண்டு. நீயும் நானும் அதைக் கருணை என்று நினைத்திருந்தோம்.

எங்களோடு பேருந்தில் வந்திருந்த வெர்லா கண்காட்சிச் சட்டத்தின் முன் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினாள். நூல் கோத்த ஊசியை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா மாட்டேன் என்று தலையசைத்தாள். நீட்டிய கை இறங்கவில்லை. கடைசியில் அம்மா உட்கார்ந்தாள்.

இடது கையால் மேலே குத்தி, அதே கையை அடியில் கொண்டுபோய் இழுத்து, மறுபடி கீழிருந்து மேலே. இருபது நிமிடம். ஏழு தையல். ஏழும் கால்விரல் மாட்டி.

"நான் எழுந்து போனதும் பிரிச்சிடு, வெர்லா."

"பதினோரு வருஷமா என்னோடத நீ பிரிச்சே. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?"

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. வெர்லா தலை நிமிராமல் தைத்துக்கொண்டே இருந்தாள். தான் திங்கட்கிழமை வருவது காபிக்கும் அம்மாவின் வாய்ப்பேச்சுக்கும்தான், தையல் இருந்தால் என்ன போனால் என்ன என்றாள்.

"இத நான் பிரிக்க மாட்டேன், ஆர்டிஸ். யாரு காலு மாட்டுதோ மாட்டட்டும்."

அம்மா சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. வாயின் ஒரு பக்கம்தான் உயர்ந்தது. மன்னிப்புக் கேட்டாளா என்று கேட்காதே. கேட்கவில்லை. எட்டாவது தையலைப் போட்டாள்.

திரும்பும் வழியில் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. வீட்டில் அவள் மடிக்கும் துவாலைகளை, அவள் அந்தப் பக்கம் போனதும் நான் மறுபடி மடிக்கிறேன். அவள் கழுவிய தட்டுகளை மறுபடி கழுவுகிறேன். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமைக்கென்று ஆறு ஊசிகளில் நூல் கோத்துவைக்கச் சொல்லியிருக்கிறாள். நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்கு நீ வரும்போது முள்கரண்டிகளை இடம் மாற்றி வைப்பாள், பட்டாணியைச் சிந்துவாள். அக்கா, எதையும் சரிசெய்யாதே. சும்மா பக்கத்தில் இரு. கடவுள் உன் வீட்டைக் காக்கட்டும், நம் இருவர் கைகளுக்கும் கொஞ்சம் பொறுமை தரட்டும்.

அன்புடன்,
உன் தங்கை பிரிட்டா

பி.கு.: உறைமேல் உன் முகவரியை அம்மாவே எழுதினாள். தபால்காரருக்குப் புரியாதென்று வேறோர் உறையை எடுத்தேன். பிறகு அந்தப் புது உறையை இழுப்பறையில் திரும்ப வைத்துவிட்டேன்.