இட்லிப்பூவுக்குச் சுண்ணாம்பு ஆகாது

அக்கா,

இன்று காலை, மலையடிவாரத்துக் காரவள்ளியில் நான் பூச்சு வேலை பார்க்கும் வீட்டுக்கு ஓர் இட்லிப்பூச் செடி வந்து இறங்கியது. கறுப்புப் பையில் முழங்கால் உயரம், உச்சியில் ஒரே ஒரு சிவப்புக் கொத்து. வீட்டுக்காரம்மா அதைப் புதுச் சுவரை ஒட்டி வைக்கப் போனார். "செவுத்துக்கிட்ட வேண்டாமுங்க, மூணடி தள்ளி வைங்க" என்று சாரத்தின் மேலிருந்தே சத்தம் போட்டேன். "மேஸ்திரிக்குச் செடியப் பத்தியெல்லாம் தெரியுமா?" என்று சிரித்தார். தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களிடம்தான் அதைப் பேச முடியும்.

மலைமேல் உங்களுக்கு வீடு கட்ட நான் வந்த வருடம்தான் சாலையை அகலப்படுத்தினார்கள். உங்கள் அம்மா வைத்த இட்லிப்பூப் புதர் போகப்போகிறது என்று தெரிந்ததும், நீங்களும் பக்கத்து வீட்டில் இருக்கும் உங்கள் கூடப்பிறந்த தங்கச்சியும் ஓடிப்போய்ப் பூக்காத கிளைகளாகப் பார்த்து, பென்சில் தடிமனில் பன்னிரண்டு குச்சிகள் வெட்டி வந்தீர்கள். அடி இலைகளை உருவிவிட்டு, செம்மண்ணும் மணலும் கலந்த பைகளில் நட்டு, பலாமர நிழலில் வைத்தீர்கள். மழைக்காலம் முழுவதும் ஒருத்தி மறந்தால் இன்னொருத்தி தண்ணீர் தெளித்தாள். ஒன்பது வேர் பிடித்தன.

வீட்டு வேலை முடிந்தபோது வாசலோரம் பள்ளமாக இருந்தது. உடைந்த பூச்சையும் காய்ந்த சிமெண்டுக் கட்டிகளையும் அதில் கொட்டி, மேலே செம்மண் பரப்பினேன். எல்லோரும் செய்வதுதான். அந்த இடத்தில்தான் ஒன்பது செடிகளையும் வரிசையாக நட்டீர்கள்.

சில மாதம் கழித்து வாசற்படி வேலைக்கு நான் வந்தபோது இலைகள் வெளிறிக் கிடந்தன. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். தங்கச்சியின் துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் உங்கள் வாசலுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"சோப்புத் தண்ணிய உட்டு உட்டே அம்மா செடியக் கொன்னுபோட்டியே!"

"நானா கொல்லுவேன்? எனக்கும் அம்மாதானுங்க்கா."

மறுநாளே கல் இடம் மாறியது. முற்றத்தின் நடுவே மூங்கில் வேலி வந்தது. பேச்சு நின்றது.

ஓர் இலையைச் சட்டைப் பையில் போட்டுவந்து முள்ளுக்குறிச்சியில் நாற்று விற்பவரிடம் காட்டினேன். "செவுத்தோரமா வெச்சிருக்காங்களா? அடியில சிமெண்டுக் கட்டி ஏதும் கெடக்கா? இதுக்குப் புளிப்பு மண்ணு வேணுமுங்க. சுண்ணாம்பு பட்டா வேர் சத்த இழுக்காது" என்றார்.

அதன்பிறகு ஒரு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. மலையில் பேர் கெட்டுவிடும் என்ற பயம். ஒருமுறை உங்கள் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பினேன். காய்ச்சலில் நீங்கள் படுத்தபோதும் தங்கச்சி வேலியைத் தாண்டவில்லை என்று டீக்கடையில் கேட்ட அன்றுதான் நேராக உங்கள் வாசலில் வந்து நின்றேன்.

நீங்கள் காயப்போட்ட மிளகைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள்.

"அக்கா, செடியக் கெடுத்தது நானுங்க" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

உங்கள் கை மிளகிலேயே நின்றது. "எப்பத் தெரிஞ்சுதுங்க?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒரு மாசமாச்சுங்க."

"செடியத் தெரியாமக் கெடுத்தீங்க. இந்த ஒரு மாசம் தெரிஞ்சு பண்ணுனதுங்க, மேஸ்திரி."

அவ்வளவுதான் சொன்னீர்கள். எழுந்துபோய் வேலியில் இரண்டு மூங்கிலைப் பிடுங்கிப் போட்டுத் தங்கச்சி வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டீர்கள். "புள்ளே, கடப்பாரை எடுத்துட்டு வா. நாந்தான் தப்பாப் பேசிப்போட்டேன்."

வெகுநேரம் கழித்துத் தங்கச்சி கடப்பாரையுடன் வந்தாள். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் தோண்டினாள். மூவருமாகச் செடிகளை வேர்மண்ணோடு தூக்கி நிழலில் வைத்தோம். இரண்டடி ஆழத்துக்குக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்தோம். சுவரிலிருந்து தள்ளி, வெயில் படும் இடத்தில் புதுக்குழி போட்டு, செம்மண்ணும் மக்கிய பலா இலையும் நிரப்பி நட்டோம். தண்ணீர் தேங்காமல் ஓடச் சரிவாக வாட்டம் வைத்தது மட்டும் என் யோசனை.

இரண்டு செடிகள் போய்விட்டன. ஏழு, அடுத்த மழையில் கரும்பச்சையாகத் துளிர்த்தன. பூ உதிர்ந்ததும் நுனியை நறுக்கிவிட்டால் கிளை பிரிந்து இன்னும் கொத்து வைக்கும் என்று தங்கச்சிதான் முதலில் கத்தரியோடு வந்தாளாம். ஆனால் பழையபடி பேசுவதற்கு அவளுக்கு இன்னொரு மழைக்காலம் பிடித்தது. அந்த நாட்களுக்கு நான்தான் பொறுப்பு.

உங்களை எடுத்த அன்று அவளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். "எஞ்செடியக் காப்பாத்துன மேஸ்திரின்னுதான் அக்கா எல்லாத்துகிட்டயும் சொல்லுமுங்க" என்று அவளே சொன்னாள். கெடுத்தவனும் நான்தான் என்பதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் ஒரு வீட்டில் குளியலறைத் தளத்தின் வாட்டத்தைத் தப்பாக வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் உறைத்தது. அவர்கள் இன்னும் பார்த்திருக்கவில்லை. ஈரக்காலோடு வண்டியைத் திருப்பினேன். கதவைத் தட்டி, "தப்புப் பண்ணிப்போட்டேனுங்க, காலையில ஒடச்சுச் சரி பண்ணித் தாரேன்" என்றேன். வீட்டுக்காரர் நன்றாகத் திட்டினார். கேட்டுக்கொண்டு நின்றேன்.

உங்களுக்குச் செய்த அந்த ஒரு மாதத்தை இப்போது நான் யாருக்கும் செய்வதில்லை, அக்கா.