விதியோடு வாதாடிய மதினிக்கு

மதினி,

போன வாரம் பதுளைக்குப் போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், வாகன பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் சின்னக் கடை ஒன்றைத் தாண்டும்போது அந்த வாடை வந்தது. மூக்குக்குள் சுருக்கென்று குத்தும் அசிட் வாடை. மருந்துப் பையும் கையுமாக நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒருவர், "என்னங்கம்மா, வழியில நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு விலகிப் போனார். நான் உங்களோடு நின்றுகொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமையானால் தோட்டத் தொழிலாளர் லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவில் இந்த வாடைதான். லுணுகலைக்கு மேலே நம் தோட்டத்துக்குக் கரண்ட் வராத காலம். உங்கள் தம்பி வாங்கி வைத்திருந்த கறுப்பு வெள்ளை டீவி கார் பேட்டரியில்தான் ஓடும். சார்ஜ் போட்டுக் கொண்டுவந்த பேட்டரி வெள்ளிக்கிழமை நாடகம் வரைக்கும் தாங்க வேண்டும். இடையில் யாராவது டீவியைத் தொட்டால் தொலைந்தார்கள். படம் மங்கினால் நீங்களே வெளியே ஓடி, மூங்கில் கம்பத்து ஏரியலை நமுனுகுல மலைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கத்துவீர்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்து நாடகம் பார்க்க, நீங்கள் பாதி நாடகத்தை மழையில் நின்று காதால் கேட்ட நாட்களும் உண்டு.

நான் உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தபோது உங்களுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மூத்தவர் நீங்கள் இருக்க, இளையவருக்குக் கலியாணம் முடிந்திருந்தது. உங்களை எப்படி எதிர்கொள்வது என்று எனக்குப் பயம். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர்கள். முதல் வாரமே, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி சுட்டபடி சொன்னீர்கள்.

"என்னப் பாத்து பயப்படாத புள்ள. என் செவ்வா புருஷனத்தான் தின்னுமாம். தம்பி பொண்டாட்டிய ஒன்னும் செய்யாது."

சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் நான் மாவைப் பிசைந்தேன். உங்களுக்குத் தாலி கட்டுகிறவன் ஒரு வருஷம் தாண்ட மாட்டான் என்று, நீங்கள் சிறுமியாக இருந்தபோதே ஜாதகம் பார்த்த ஒரு சாத்திரி சொல்லிவிட்டாராம். அதன் பிறகு வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் உங்கள் அம்மா, என் அத்தை, வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். நீங்கள் காலையில் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனீர்கள், கொழுந்து பறித்தீர்கள், வந்து சமைத்தீர்கள். யாரும் உங்களிடம் எதையும் கேட்டதில்லை.

அந்த நாடகத்தில் வந்த கோமதிக்கும் அதே கதை என்பதால்தான் நீங்கள் அப்படி உட்கார்ந்து பார்த்தீர்களோ என்று பிறகுதான் தோன்றியது. அவளுடைய அப்பா எல்லாம் தலையெழுத்து என்பார். அவளை விரும்பிய வாத்தியார், நாம் எடுக்கிற முடிவுதான் வாழ்க்கை என்பார். அம்மா, அம்பாள் பார்த்துக்கொள்வாள் என்று விளக்கேற்றுவாள். இந்த மூவருக்கும் நடுவில் நின்று கோமதி அழுவாள். வாரா வாரம் அழுவாள். லயமே அவளோடு சேர்ந்து மூக்கைச் சிந்தும். நீங்கள் மட்டும் அழ மாட்டீர்கள். கோபம் வரும் உங்களுக்கு.

"அடியேய், ஒன்னயத்தான் கேக்குறாங்க! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லேன்!"

டீவிக்குள் இருக்கிறவளுக்கு அது கேட்காது என்று அத்தை அதட்டுவார். "எழுதினது எழுதினபடிதான் நடக்கும். நீ கத்தி என்ன ஆகப்போகுது?" என்பார். "அப்ப சாமிய எதுக்கு கும்புடுறீங்க? எழுதினது எழுதினபடிதான் நடக்குமே" என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். நாடகம் முடிந்து பேட்டரி வயரைக் கழற்றிய பிறகும் தாயும் மகளும் விதியைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பீர்கள். நான் நடுவில் உட்கார்ந்து யார் சொல்வது சரி என்று தெரியாமல் விழிப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அத்தை சொல்வது சரியாகப்படும். அடுத்த வெள்ளி நீங்கள் சொல்வது.

தோட்டத்துக் கொழுந்து லொறியை ஓட்டிய செல்வராசு அண்ணன் எப்போதிலிருந்து நம் வாசல்படியில் நின்று நாடகம் பார்க்கத் தொடங்கினார் என்று யாருமே கவனிக்கவில்லை. பெரகல பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். மூன்று தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, தனக்கென்று திரும்பிப் பார்த்தபோது நாற்பது வயதாகிவிட்ட மனிதர். உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் வர மாட்டார். நீங்கள் டீவியைப் பார்த்துக் கத்தும்போதெல்லாம் அவர் டீவியைப் பார்க்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நேராக அத்தையிடம் வந்து பெண் கேட்டார். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சுதான் கேக்குறியா ராசா? ஒங்கம்மா பெத்த புள்ளய நான் சாகக் குடுக்கவா?"

"தெரிஞ்சுதாங்க கேக்குறேன். அவங்களுக்கு செவ்வா இருக்கு, எனக்கு லொறி பிரேக்கு இருக்கு. எது மொதல்ல புடிக்குதுன்னு பாப்பமே" என்றார் அண்ணன்.

உங்கள் தம்பி சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்த்தோம். நீங்கள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். வாயைத் திற மதினி, ஒரு வார்த்தை சொல் மதினி என்று மனசுக்குள் கத்தினேன்.

"எனக்கு சம்மதம்" என்றீர்கள். "ஆனா ஒன்னு. நாளைக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட பயந்துகிட்டு என் மொகத்தப் பாக்கக் கூடாது. அப்பிடி வாழ்றதுக்கு நான் இப்பிடியே இருந்துட்டுப் போறேன்."

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கலியாணம் நடந்தது. அத்தை கோயிலுக்கு வெளியே மரத்தடியிலேயே நின்றார். அதன் பிறகு ஒரு வருஷம் அந்த மனுஷி பட்ட பாடு! அண்ணன் இருமினால் கஷாயம், வயிறு வலித்தால் திருநீறு. அந்த வருஷம் ஒரு குறையுமில்லாமல் தாண்டிய நாளில், அத்தை தானே பால்சோறு பொங்கி உங்கள் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். நீங்கள் உருண்டை உருண்டையாக வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

அதற்கடுத்த மழைக்காலத்தில்தான் லொறி சறுக்கியது.

மண் சரிந்து கிடந்த வளைவில், கொழுந்து மூட்டைகளோடு கீழே தேயிலை மலைக்குள் உருண்டது. அண்ணனை வெளியே எடுக்கவே வெகுநேரம் ஆனது. பதுளை ஆஸ்பத்திரிக்கு நாம் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை. வலது கால் நசுங்கிக் கிடந்தது. லயத்தில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டதை நாம் அறிவோம். வருஷம் தப்பினாலும் செவ்வாய் தப்பாது என்று.

அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் பின்னால் வந்தேன்.

"அம்மா, கால் விஷமேறிக்கொண்டு வருகுது. காலை எடுத்தாத்தான் உயிருக்கு இடமிருக்கு. கனநேரம் பாத்துக்கொண்டு இருக்கேலாது. நீங்கள்தான் சொல்லவேணும்."

நீங்கள் பதில் சொல்வதற்குள் அத்தை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "ராகு காலம்டி இப்ப. அது கழியட்டும். அதுக்கப்புறம் சொல்லு. ஏற்கனவே ஒரு தடவ என் பேச்சக் கேக்கல நீ."

அப்படியொரு வார்த்தையை எந்தப் பெண்ணால் தாங்க முடியும்? உங்கள் முகம் சாம்பலாகிப் போனதை நான் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் நீங்கள் அத்தைக்குப் பணிந்திருந்தால் யாரும் உங்களைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் அத்தையின் கையை மெதுவாக விலக்கினீர்கள்.

"எடுங்க ஐயா. இப்பவே எடுங்க."

அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நீங்கள் நடையில் கிடந்த பலகையில் உட்கார்ந்தீர்கள். நான் பக்கத்தில். உங்களுக்கு மாரியம்மன் மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற நீங்கள் ஒருநாளும் எதையும் வேண்டிக்கொண்டதில்லை. "நான் வந்திருக்கேன்னு சொல்லிட்டு வருவேன் புள்ள, அவ்வளவுதான். அவளுக்கு எத்தன சோலி" என்பீர்கள். அன்று உங்கள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பினீர்கள்.

"இன்னைக்கி கேட்டுட்டேன் புள்ள. டொக்டர்கிட்ட நான் சொல்ல வேண்டியத சொல்லிட்டு, அப்புறந்தான் கேட்டேன். கோவிச்சுக்குவாளா?"

"கோவிச்சுக்க மாட்டா மதினி" என்றேன்.

அண்ணன் பிழைத்தார். ஆனால் கண் விழித்ததும் நடந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். போர்வையைத் தடவிப் பார்த்தார். கால் இருந்த இடம் தட்டையாக இருந்தது. "என்னக் கேக்காம எடுக்கச் சொல்ல நீ யாரு?" என்றார். "ஒங்க பொண்டாட்டி" என்றீர்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் உங்களிடம் மட்டும் பேசவில்லை. என்னிடம் தண்ணீர் கேட்பார், உங்கள் தம்பியிடம் பீடி கேட்பார். நீங்கள் சோற்றைத் தட்டில் வைப்பீர்கள், புண்ணுக்குத் துணி மாற்றுவீர்கள், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். செவ்வாயும் சாத்திரியும் செய்ய முடியாததை இந்த மௌனம் செய்துவிடுமோ என்று நான் பயந்தேன். நான் வேலை பார்த்த பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போனவர்களின் குழந்தைகளைத் தூங்கவைக்கும்போதெல்லாம் உங்கள் நினைப்புத்தான். ஒருநாள் ஆற்றாமல், "தப்புப் பண்ணிட்டமோன்னு தோணுதா மதினி?" என்று கேட்டேன். நீங்கள் கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தீர்கள். "அவரு கோவப்படுறதுக்கு உசுரோட இருக்காருல்ல" என்றீர்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அவராகவே நம் காம்பரா வாசலுக்கு வந்து நின்றார். பழைய இடம்தான். நீங்கள் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஏன், இன்னைக்கி டீவி போடலியா?"

கேட்டது உங்களிடம். உங்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்டார். நீங்கள் வெங்காயத்தைச் சாக்கு வைத்து அழுதீர்கள். நாடகம் முடிந்து பல வாரமாகிவிட்டது என்று நான்தான் சொன்னேன். நாம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கோமதியின் கதையை முடித்துவிட்டிருந்தார்கள். அடுத்த காம்பரா அக்கா வந்து முடிவைச் சொன்னார். வாத்தியார் நன்றாக இருக்கட்டும் என்று கோமதி கலியாணமே வேண்டாமென்று சொல்லி, கோயிலில் பூக்கட்டிக்கொண்டு காலத்தைக் கழித்தாளாம். லயமே அழுததாம். அத்தை "பாத்தியா" என்பதுபோல உங்களைப் பார்த்தார்.

"பாவம். அவளுக்கு வேற ஒருத்தன் எழுதிக் குடுக்குறான், அவ என்ன செய்வா?" என்றீர்கள் நீங்கள்.

செல்வராசு அண்ணன் சிரித்தார். லொறி உருண்டபின் அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டோம். அன்றைக்கு அவர் வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார்.

லுணுகலையில் நீங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணிக் கடை போட்டதும், அண்ணனின் ரொட்டிக்கு பஸ் டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதும், கல்லாப் பக்கம் உட்கார்ந்து நீங்கள் புதுப்புது நாடகக்காரிகளைத் திட்டியதும் நல்ல காலம். இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம். உங்களுக்கு வயிற்றில் வந்த நோய் மூன்று மாதத்தில் உங்களைக் கரைத்துவிட்டது. படுக்கையில் கிடந்தபடி, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணனைக் கண்ணால் காட்டி என் காதில் சொன்னீர்கள்: "புருஷனத் தின்னுருவேன்னானே அந்தச் சாத்திரி. பாரு, குண்டுக்கல்லாட்டம் ஒக்காந்திருக்காரு."

உங்களை அடக்கம் செய்ய, தேயிலைக்கு நடுவே இறங்கும் அந்தச் சரிவில் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். அவர் விடவில்லை. ஊன்றுகோலோடு ஒவ்வொரு படியாக இறங்கினார். அத்தை அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். திரும்பி வரும்போது அத்தை அவரிடம் சொன்னதைக் கேட்டேன். "அந்தச் சாத்திரி பேச்சக் கேட்டு என் புள்ளய அத்தன வருஷம் வீட்டுல வச்சிருந்தேனே ராசா. இல்லன்னா முன்னாடியே ஒனக்குக் குடுத்திருப்பேன்." அண்ணன் அத்தையின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

எனக்கு இன்னும் விதி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது, மதினி. வயதான பிறகு தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. லொறி ஏன் அந்த வளைவில் சறுக்க வேண்டும், உங்களுக்கு ஏன் அந்த நோய் வர வேண்டும் என்று எந்தச் சாமியும் எனக்குச் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரிய வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. என் மகளை, நீங்கள் பார்க்காமல் வளர்ந்துவிட்டவளை, பண்டாரவளையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் நல்லவன், அவளுக்கும் பிடித்திருக்கிறது. பையனின் அம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "ஜாதகத்தக் குடுத்தீங்கன்னா பொருத்தம் பாத்துருவோம்" என்றார். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். அவள் பிறந்தபோது நான் ஜாதகம் எழுதவே விடவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"எழுதலங்க. எழுதவும் மாட்டோம். புள்ளைங்க ரெண்டு பேரையும் கேளுங்க" என்றேன்.

அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம். மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "பரவாயில்லம்மா" என்றாள். நேற்று வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் நின்றேன். உங்களைப் போல, வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப என்னால் முடியவில்லை, மதினி. என் புள்ள நல்லா இருக்கணும் தாயே என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.