வட்டித் தேதியும் சம்பளத் தேதியும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அதாவது என் ரத்தக்கொதிப்பும் உன் அம்மாவின் முழங்கால் வலியும் சமையலறைக் குழாயின் ஒழுகலும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் போட்டி போட்டு நடந்துகொண்டிருக்கின்றன. அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பணத்தைப் பற்றி வாயைத் திறந்ததும் உன் பக்கம் சிக்னல் போய்விடுகிறது, மழையைப் பற்றிக் கேட்டால் திரும்பி வந்துவிடுகிறது, அவ்வளவு விவரமான சிக்னல். காகிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, நல்லபடியா எழுதுங்க, ஊசியால குத்துற மாதிரி எழுதாதீங்க, அவளே நொந்துபோய் இருக்கா என்கிறாள். சரி என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். கடப்பாரைதான் கையில் இருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை வேலையை விடப்போவதாகவும், இத்தனை வருடம் சேர்த்ததை அப்படியே அதிக வட்டிக் கடன்பத்திர ஃபண்டில் போட்டு மாதாமாதம் வரும் பணத்தில் காலத்தை ஓட்டப்போவதாகவும் எழுதியிருந்தாய். நிலையான வருமானம், நிலையான வருமானம் என்று ஒரே பக்கத்தில் மந்திரம் மாதிரி ஜபித்திருக்கிறாய். நம் குடும்பத்தில் தலை நரைத்தவர்களுக்கே ஓய்வூதியம் வந்ததில்லை, இருபத்தெட்டு வயதில் நீ வாங்கப்போகிறாய், மகிழ்ச்சி. உபதேசம் செய்த குரு யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம், போன வாரம் அவரே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உன் தாய்மாமன் முதலில் தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் விற்றார். அப்புறம் காலி மனை விற்றார், அதில் தேங்கிய தண்ணீரை வடிகட்ட எந்த இயந்திரமும் போதவில்லை. இப்போது ஃபண்டு விற்கிறார். மச்சான், பணம் சும்மா தூங்கக் கூடாது மச்சான், அதை வேலை செய்ய வைக்கணும் என்றார். வேலை செய்யாதவனெல்லாம் பணத்தை வேலை செய்யச் சொல்றான்யா என்றேன், சிரித்தார், கமிஷன் வரும் என்றால் அவருக்கு எதைக் கேட்டாலும் சிரிப்பு வரும். பாங்க்ல போட்டா அவன் குடுக்குற வட்டி டீத்தூளுக்குக் காணாது, இங்க ரெண்டு மடங்கு என்றார். ரெண்டு மடங்கு எதுக்குத் தர்றான், நம்ம மேல அவ்வளவு பாசமா என்று கேட்டேன். அதெல்லாம் ரிஸ்க் ப்ரீமியம் மச்சான் என்றார். அதையே தமிழில் சொல்லு என்றேன். அக்கா, இன்னொரு டீ கிடைக்குமா என்று சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். அந்த இரண்டு மடங்கை யார் தருகிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வட்டியைக் கொடுத்த இடத்தில் கணக்கு எழுதியவன் நான். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் என் அறை இயந்திரத்துக்கு நேர் மேலே இருந்தது உனக்கு நினைவிருக்கும், நீ வந்தால் என் மேசை நடுங்குவதைப் பார்த்துச் சிரிப்பாய். மேசை நடுங்கினால் ஆர்டர் இருக்கிறது என்று பொருள், நடுங்காத நாளில் நாங்கள் நடுங்குவோம். எந்த வங்கியும் இனி ஒரு பைசா தராது என்று கையை விரித்த பிறகுதான் முதலாளி அதிக வட்டிக்குக் கடன்பத்திரம் வெளியிட்டார், உன் மாமன் விற்கிற மாதிரி ஒரு ஃபண்டுதான் அதை வாங்கியது. நல்ல கம்பெனிக்கு எதற்கம்மா அதிக வட்டி, அதற்குத்தான் குறைந்த வட்டியில் கொடுக்க நாலு பேர் வரிசையில் நிற்பார்களே. ஃபண்டுக்காரர்கள் பார்வையிட வந்த அன்று காரில் இருந்து எது வரைக்கும் தெரியுமோ அது வரைக்கும் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். பூந்தொட்டிகள் வாடகைக்கு வந்தன. பழுதான இயந்திரத்தைத் துணி போட்டு மூடி, புதுசு, இன்னும் பிரிக்கவில்லை என்றார் முதலாளியின் மருமகன். எனக்கு ஒரு நாள் நிதி மேலாளர் பதவியும் ஒரு டையும் கொடுத்தார்கள், சாயங்காலம் இரண்டையும் மருமகனே வாங்கி வைத்துக்கொண்டார். பெருந்தன்மையான மனிதர், டையை அவிழ்க்கக் கூட உதவி செய்தார்.

அதற்கப்புறம் எங்கள் கம்பெனியில் இரண்டு தேதிகள்தான். ஒன்று வட்டித் தேதி, இன்னொன்று சம்பளத் தேதி. கையில் காசு குறைந்தால் எதைத் தள்ளுவது என்பதில் முதலாளிக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. வட்டி ஒரு நாள் தவறினால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், கடன் கொடுத்த எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்பார்கள். சம்பளம் தவறினால் நாங்கள் என்ன செய்துவிடுவோம், தொண்டையைக் கனைப்போம். கனைத்தோம். நீ ஏழாவது படிக்கும்போது கட்டணம் கட்டவில்லை என்று உன்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்களே, வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வாரம் பேசவில்லையே, அந்த மாதம் எங்கோ யாரோ ஒருவர் வீட்டில் நிலையான வருமானம் டாணென்று வந்து சேர்ந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் ஒரு மைத்துனர் இருந்திருப்பார்.

பழைய வட்டியைக் கட்டப் புதுக் கடன், புதுக் கடனுக்கு இன்னும் கூடுதல் வட்டி என்று கொஞ்ச நாள் ஓடியது, பிறகு ஆர்டர் விழுந்தது, மேசை நின்றது. ஒரு கம்பெனி போனால் என்ன, ஃபண்டில் நூறு கம்பெனி இருக்கிறதே, உன் மாமனும் அதையேதான் சொல்கிறார். நூறும் எங்களைப் போல வங்கி வாசலில் இருந்து திருப்பி அனுப்பப்பட்டவை என்பதை மட்டும் சொல்ல மாட்டார். வெயில் காலத்தில் நூறு குடை விரித்துக் காட்டுவார்கள், மழை வந்த பிறகுதான் நூறிலும் ஓட்டை தெரியும். அப்போதும் மாதாமாதம் பணம் வருவது உடனே நிற்காது, அதுதான் வேடிக்கை. போட்ட முதலில் இருந்தே பிய்த்து வருமானம் என்று அனுப்புவார்கள், விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிப் பரிமாறிவிட்டு விளைச்சல் அமோகம் என்பது போல. வாங்குகிறவருக்கு ருசியில் வித்தியாசம் தெரியாது. கடைசியில் எங்கள் கடன்பத்திரத்தை வாங்கிய ஃபண்டு, யாரும் இப்போதைக்குப் பணத்தை எடுக்க முடியாது என்று கதவைச் சாத்திவிட்டது. அந்தச் சமயம், அந்த ஃபண்டில் பணம் போட்டிருந்த ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் பத்திரிகையில் கம்பெனி பெயரைப் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டு வந்தார். வாட்ச்மேன் சம்பளம் வராமல் வேலையை விட்டு நின்றுவிட்டதால் நான்தான் கேட்டைத் திறந்தேன். சார், என் பணம் இங்கதான் இருக்காமே, ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன் சார் என்றார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தார், இது ஓடுமா சார் என்றார். ஓடாதுங்க என்றேன். இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம், அவருக்கு வட்டி நின்றுவிட்டது, எனக்குச் சம்பளம் நின்றுவிட்டது. இவ்வளவு நாள் என்னிடம் இருந்து பிடுங்கி அவருக்குக் கொடுத்தவர்கள் கடைசியில் இருவரையும் ஒரே படியில் உட்கார வைத்துவிட்டார்கள். முதலாளியின் வீடு அதற்குள் மருமகன் பெயருக்கு மாறியிருந்தது, அந்தக் குடும்பத்தில் மட்டும் பாசம் ஒரு தேதியிலும் தவறியதில்லை.

இதற்காக ஃபண்டு என்றாலே விஷம் என்று சொல்லவில்லை. போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய ஒரு சிறு பங்கை நீ போட்டுக்கொள், உன் மாமனுக்கும் டீத்தூள் வாங்க வேண்டும் அல்லவா. முழுவதையும் போட்டு, அதை நம்பி அடுப்பு மூட்டாதே என்றுதான் சொல்கிறேன். மீதியை அங்கேயே பாங்கில் சாதாரண வைப்புத்தொகையாகப் போட்டு வை. வட்டி குறைவுதான், உன்னைப் பார்த்துப் பல்லிளிக்காது, ஆனால் கேட்ட நாளில் எடுத்துக் கொடுப்பான். சிக்கனமாக இருந்தால் வேறு வேலை தேடுகிற வரைக்கும் முதலைக் கொஞ்சம் கரைத்தே சாப்பிடலாம், அதை நாமே தெரிந்து கரைப்பது வேறு, வருமானம் என்று பெயர் வைத்து இன்னொருவன் கரைப்பது வேறு.

இவ்வளவு எழுதிவிட்டேன், இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா வாயில் ரகசியம் தங்காது. உன் மேலாளர் நீ ராத்திரி பகலாகச் செய்த அறிக்கையைத் தன் பெயரில் வாசித்ததும், அதில் ஒரு தப்பு வந்ததும் எல்லார் முன்னாலும் உன் பெயரைச் சொல்லிக் கத்தியதும், நீ குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுததும் எனக்குத் தெரியும். என்னிடம் வருமானம் என்று எழுதினாய், அம்மாவிடம் அவமானம் என்று சொன்னாய். அப்பாவிடம் கணக்கு காட்டினால்தான் செல்லுபடியாகும் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது, நான் என்ன உன் ஃபண்டுக்காரனா. எங்கள் முதலாளியின் அந்த மருமகன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை தெரியுமா, மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு ஏ கணக்கு, இறங்கி வாய்யா என்பான். நானும் இறங்கிப் போவேன். வருமானம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நான் அங்கேயே கிடந்தேன், வருமானம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நீ கிளம்பப் பார்க்கிறாய், இரண்டு பேருக்குமே காரணம் அது இல்லை. அந்த ஆளை இன்னமும் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை, நீயும் இப்படி ஒருத்தனை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஐம்பது வயதைத் தாண்ட வேண்டாம்.

ஆகையால் திங்கட்கிழமை வேலையை விடு. எந்த ஃபண்டும் உனக்கு அனுமதி தர வேண்டியதில்லை. சொந்தக் காரணங்களுக்காக என்று எழுதிக்கொடுத்துவிட்டு வராதே, அவன் செய்தது என்ன என்று தெளிவாக எழுதி அவனுக்கு மேலே இருப்பவனுக்கும் ஒரு பிரதி கொடு. கொஞ்ச நாள் இங்கே வந்து இருப்பதானாலும் இரு, முன்னறையில் கிடக்கும், நான் இப்போது எழுதிக்கொடுக்கும் மருந்துக்கடை, டயர்க்கடைக் கணக்குக் கட்டுகளை நேற்றே பரண்மேல் ஏற்றிவிட்டேன், உன் அம்மா ஏன் என்று கேட்டதற்குத் தூசி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நடக்கும்படி, யாருக்கும் இறங்கிப் போக வேண்டியிராதபடி நன்றாக இருப்பாய், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு உண்டு. மறக்காமல் ஒன்று, உன் மாமன் அனுப்பிய படிவத்தில் கையெழுத்துப் போடாதே. ராஜினாமாவில் போடு, கிறுக்காமல், முழுப் பெயரும் படிக்கிற மாதிரி.

இப்படிக்கு,
உன் நன்மையைத் தவிர வேறெதிலும் முதலீடு செய்யாத
அப்பா